அமெரிக்க மதுவிலக்கும் கள்ளச்சாராயக் கும்பல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மதுவிலக்கு என்றதும் பலர் மனசில் வருவது சிகாகோ கும்பல் தலைவன் அல் காப்போன், சாய்த்து வைத்த தொப்பி, டாமி துப்பாக்கி, அவ்வளவுதான். சினிமா அப்படிப் பழக்கியிருக்கிறது. ஆனால் 1920 முதல் 1933 வரை நடந்ததில் துப்பாக்கிச் சத்தம் சின்னப் பகுதி. மீதியெல்லாம் பெர்மிட், மருந்துச் சீட்டு, லாரி, படகு, மாமூல், கணக்குப் புத்தகம். அப்புறம் விஷச் சாராயம் குடித்துச் செத்துப்போன ஏழைகள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை, அதனால் அந்தக் கேள்விக்கு இங்கே கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் குடிப்பதே குற்றமா?

இல்லை. அரசியல் சட்டத்தின் 18ஆவது திருத்தம் தடுத்தது மதுவைத் தயாரிப்பதை, விற்பதை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதை, ஏற்றுமதி இறக்குமதி செய்வதை. குடிப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. 1919 ஜனவரி 16இல் தேவையான எண்ணிக்கையில் மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்தன, 1920 ஜனவரி 17இல் தடை அமலுக்கு வந்தது. இதற்கான விதிகளை வகுத்தது வோல்ஸ்டெட் சட்டம். ஜனாதிபதி வில்சன் அதை நிராகரித்தும் நாடாளுமன்றம் மறுபடி வாக்களித்து நிறைவேற்றிவிட்டது. அரை சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே மது என்று அந்தச் சட்டம் சொன்னதும், விஸ்கிதான் போகும், பீருக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் ஆடிப்போனார்கள்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. தடை வருவதற்கு முன் வாங்கி வீட்டில் வைத்த சரக்கைச் சொந்தக்காரர் நிம்மதியாகக் குடிக்கலாம், விருந்தாளிக்கும் ஊற்றலாம். நியூயார்க்கின் யேல் கிளப் 14 வருஷத்துக்குப் போதுமான சரக்கை முன்கூட்டியே வாங்கி அடுக்கியது என்பார்கள். வாரக் கூலி வாங்குகிற ஆள் எதை அடுக்கி வைப்பான்? தெருமுனைக் கடையில் ஒரு பீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் அவன். தடை விழுந்தது அவன் தலையில்தான்.

இப்படி ஒரு சட்டத்தை யார், ஏன் கொண்டுவந்தார்கள்?

நல்ல எண்ணத்தில் ஆரம்பித்த ஒன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குடி உண்மையிலேயே குடும்பங்களை அழித்தது. கணவன் சம்பளத்தை மதுக்கடையில் விட்டுவிட்டு வந்து அடிப்பான், மனைவிக்கு வாக்குரிமையும் இல்லை, பல இடங்களில் சொத்துரிமையும் இல்லை. பெண்கள் அமைப்பாகத் திரண்டது இந்தக் கோபத்தில்தான். அப்புறம் 1893இல் ஒஹாயோவில் தொடங்கிய மதுக்கடை எதிர்ப்புக் கழகம் களத்துக்கு வந்தது. அதன் தலைவர்களில் முக்கியமானவரான வேய்ன் வீலர், எந்தக் கட்சியாக இருந்தாலும் மதுவை எதிர்ப்பவருக்கு ஓட்டு, ஆதரிப்பவருக்குத் தோல்வி என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தையே ஆட்டிப்படைத்தார்.

ஆனால் மனசுக்குப் பிடிக்காத சரக்கும் இதில் கலந்திருந்தது. முதல் உலகப் போர் வந்ததும், பீர் ஆலை முதலாளிகளில் பெரும்பாலோர் ஜெர்மானிய வம்சாவளியினர் என்பதால் பீர் குடிப்பதே தேசத்துரோகம் மாதிரிப் பேசப்பட்டது. இத்தாலியர், ஐரிஷ்காரர், யூதர், கறுப்பினத்தவர் மீதான வெறுப்பும் சேர்ந்துகொண்டது. அரசின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மது வரியிலிருந்து வந்த காலத்தில் இதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. 1913இல் வருமான வரி வந்தது, அந்த முட்டுக்கட்டையும் விலகியது.

சட்டத்தில் ஓட்டைகள் இருந்தனவா?

நிறைய. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம், ஒரு நோயாளிக்குப் பத்து நாளைக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1931 டிசம்பரில் நியூயார்க்கில் கார் மோதி அடிபட்ட வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்றும் இருக்கிறது: உணவு வேளைகளில் மது தேவை, குறைந்தபட்சம் 250 மில்லி.

தேவாலயங்களுக்கும் யூத வழிபாட்டுக்கும் ஒயின் அனுமதி இருந்தது, திடீரென்று போலி மதகுருக்கள் முளைத்தார்கள். வீட்டில் பழச்சாறு செய்துகொள்ள ஒரு குடும்பத்துக்கு வருஷம் 200 கேலன் வரை விட்டுவைத்தார்கள், அதாவது சுமார் 750 லிட்டர். அந்தப் பழச்சாறு தானாகப் புளித்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்! கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்கள் குறைவதற்குப் பதிலாகப் பெருகின. திராட்சையை இறுக்கிக் கட்டியாக்கி விற்றவர்கள், இதைத் தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும் என்று எச்சரிக்கை போட்டே செய்முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கும்பல்களுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது?

நான்கைந்து வழிகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள், தனிக் கணக்கு.

முதலாவது கடல். நியூயார்க், நியூஜெர்சி கரைக்கு வெளியே, அமெரிக்கச் சட்டம் செல்லாத 3 மைல் எல்லைக்கு அப்பால், சரக்குக் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து வேகப் படகுகள் போய் வாங்கி வரும். பில் மெக்காய் என்ற கப்பல்காரன் பஹாமாஸ் தீவுகளின் நாசோ துறைமுகத்திலிருந்து ரம்மும் விஸ்கியும் ஏற்றி வருவான். மரப்பெட்டி இடத்தை அடைக்கிறது என்று ஆறு பாட்டிலை வைக்கோலில் சுற்றிக் கோணியில் தைத்து அடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். 1924இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு, கப்பல் ஒரு மணி நேரம் ஓடும் தூரம் வரை, சுமார் 12 மைல், சோதனை போடும் அதிகாரத்தை அமெரிக்கா வாங்கியது. அதன் விளைவு என்ன தெரியுமா? சின்னப் படகுக்காரர்களால் அவ்வளவு தூரம் போய் வர முடியவில்லை, தொழிலை விட்டார்கள். வேகமான பெரிய படகுகளை வாங்கப் பணம் வைத்திருந்த கும்பல்கள் தங்கின.

இரண்டாவது கனடா. டெட்ராய்ட்டுக்கும் கனடாவின் வின்ட்சருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆறு, பல இடங்களில் அகலம் ஒரு மைல்கூட இல்லை. கனடாவில் மது தயாரித்து ஏற்றுமதி செய்வது சட்டப்படி சரிதான். அதனால் சேருமிடம் கியூபா என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சின்னப் படகில் கிளம்புவார்கள், அதே படகு அன்றைக்கே திரும்பி வந்து மறுபடி கியூபாவுக்குக் கிளம்பும். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் பனிக்கட்டி மீதே கார்கள் ஓடின. டெட்ராய்ட்டில் இந்த வியாபாரத்தின் மீது ஆதிக்கம் செலுத்தியது பர்ப்பிள் கேங் என்ற கும்பல். நியூபவுண்ட்லாந்து அருகே பிரான்சுக்குச் சொந்தமான செயின்ட் பியேர் தீவில் மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது, ஊரே மதுக் கிடங்காக மாறியது. காலி மரப்பெட்டிகளை வைத்து வீடு கட்டினார்கள்.

மூன்றாவது உள்ளூர் அடுப்பு. சிகாகோவின் இத்தாலியக் குடியிருப்பில் ஜென்னா சகோதரர்கள் தொழிற்சாலை ஆல்கஹால் வைத்திருக்க உரிமம் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் நூற்றுக்கணக்கான வீடுகளில் அடுப்பு வைத்துக் கொடுத்தார்கள். ஊறலைப் பார்த்துக்கொண்டு காய்ச்சி இறக்கினால் நாளுக்கு 15 டாலர். ஆலையில் முதுகொடிய உழைத்தாலும் அவ்வளவு வராது, ஏழைக் குடும்பம் எப்படி வேண்டாமென்று சொல்லும்? அடுப்பு வெடித்துச் செத்தவர்களும் உண்டு.

நான்காவது, திருடிய தொழிற்சாலை ஆல்கஹால். அதைத் தனியாகப் பார்ப்போம். பீரும் இருக்கிறது. அரை சதவீதத்துக்குக் குறைவான பீர் தயாரிக்க ஆலைகளுக்கு அனுமதி உண்டு, ஆனால் அதைச் செய்ய முதலில் முழு பீரைக் காய்ச்சி அப்புறம் ஆல்கஹாலை எடுக்க வேண்டும். எடுக்காமலே பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டால் வேலை மிச்சம்.

ஜார்ஜ் ரீமஸ் யார்? காப்போனைவிடப் பெரிய ஆளா?

முதல் சில வருஷங்களில் அப்படித்தான். ரீமஸ் மருந்தாளர், பிறகு சிகாகோவில் குற்றவியல் வழக்கறிஞர். மதுவிலக்கு வழக்கில் சிக்கிய தன் கட்சிக்காரர்கள் பெரிய அபராதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுப்பதைப் பார்த்தான். வோல்ஸ்டெட் சட்டத்தை உட்கார்ந்து படித்தான். மருந்துக்கான விஸ்கி என்ற ஓட்டை போதும் என்று தெரிந்தது.

தடைக்கு முன் தயாரான விஸ்கி பெருமளவு சின்சினாட்டியைச் சுற்றிய வட்டாரத்துக் கிடங்குகளில் கிடந்தது. அங்கே குடிபெயர்ந்து வடிப்பாலைகளை வாங்கினான், அவற்றின் கிடங்குச் சரக்கோடு சேர்த்து. மருந்துக் கம்பெனிகளையும் வாங்கினான், அவற்றின் பெயரில் பெர்மிட் எடுத்தான். சரக்கு லாரியில் கிளம்பும், நடுவழியில் கொள்ளை போகும், கொள்ளையடித்தது அவனுடைய ஆட்களே. நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் துப்பாக்கிக் காவலோடு இறக்கி வைத்து விற்றான். அரசின் பெர்மிட், அரசின் முத்திரை, அரசின் கிடங்கு, எல்லாவற்றையும் வைத்தே நடத்திய கடத்தல் இது. வாஷிங்டனில் தலைமை அரசு வழக்கறிஞர் ஹாரி டாஹர்ட்டிக்கு நெருங்கிய ஜெஸ் ஸ்மித்துக்குப் பெரும்பணம் கொடுத்ததாக அவனே பின்னால் சாட்சி சொன்னான்.

ஆனாலும் மாட்டிக்கொண்டான். மதுவிலக்கு வழக்குகளைக் கவனித்த உதவித் தலைமை வழக்கறிஞர் மேபல் வாக்கர் வில்லிபிராண்ட் விலைபோகாத அதிகாரி, அவருடைய விடாமுயற்சியால் ரீமஸ் 1924இல் அட்லாண்டா சிறைக்குப் போனான். அவன் உள்ளே இருக்கும்போது மனைவி இமோஜின், மதுவிலக்கு வழக்குகளை விசாரித்த அரசு அதிகாரி பிராங்க்ளின் டாட்ஜோடு சேர்ந்து அவனுடைய சொத்துகளை விற்றுத் தீர்த்தாள். 1927 அக்டோபர் 6, விவாகரத்து வழக்குக்காக நீதிமன்றம் போய்க்கொண்டிருந்தவளை ரீமஸ் காரில் துரத்தி, ஈடன் பூங்காவில் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றான். தானே வாதாடினான். ஜூரிகள் 19 நிமிஷத்தில் முடிவு சொன்னார்கள்: மனநிலை சரியில்லாத நேரத்தில் செய்தது, குற்றவாளி இல்லை. சில மாதம் மனநல மருத்துவமனை, அப்புறம் விடுதலை. ஒரு பெண்ணின் கொலைக்கு அவ்வளவுதான் விலை.

மதுவிலக்குக்கு முன்னால் கும்பல்களே இல்லையா?

இருந்தன. சூதாட்டம், விபச்சார விடுதி, கடைக்காரரிடம் மிரட்டிப் பணம் வாங்குவது, தேர்தலில் அரசியல்வாதிக்கு அடியாள் வேலை. ஆனால் அவை தெருவோடும் பேட்டையோடும் நின்றன. அரசியல்வாதிதான் முதலாளி, ரவுடி வேலைக்காரன்.

மது வியாபாரம் அதைத் தலைகீழாக்கியது. ஒரு பீர் ஆலையை நடத்த தானியம், ஈஸ்ட், நிலக்கரி, பீப்பாய், லாரி, டிரைவர், கிடங்கு, நூற்றுக்கணக்கான கடைகளில் வசூல் எல்லாம் வேண்டும், கனடாவிலிருந்து கொண்டுவர மாநிலம் கடந்து ஆள் வேண்டும், கணக்கெழுத குமாஸ்தா வேண்டும், வக்கீல் வேண்டும். அடிதடி மட்டும் தெரிந்தவனால் இது முடியாது. இத்தாலியரும் யூதரும் ஐரிஷ்காரரும் பகையை ஒதுக்கிவைத்துக் கூட்டு வியாபாரம் செய்யப் பழகினார்கள். கைநிறையப் பணம் வந்ததும் யார் யாருக்கு வேலைக்காரன் என்பதும் மாறிப்போனது.

சிகாகோவின் ஜானி டோரியோ இதை முதலில் புரிந்துகொண்டவன். அவனுடைய முதலாளி பிக் ஜிம் கொலோசிமோவுக்கு விடுதிகள் போதும், மதுவில் ஆர்வமில்லை. 1920 மே மாதம் கொலோசிமோ தன் ஓட்டல் வாசலுக்குள்ளேயே சுடப்பட்டுச் செத்தான், தொழில் டோரியோ கைக்கு வந்தது. நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அவரவர் எல்லையில் அவரவர் விற்கட்டும், சண்டை வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டான். நான்கு வருஷம் ஓரளவு தாங்கியது.

போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

மாமூல் வாங்கிக்கொண்டிருந்தது, ஒரே வார்த்தையில். ஜென்னா சகோதரர்களின் சாராயக் கிடங்குக்கு மேக்ஸ்வெல் தெருக் காவல் நிலையத்துப் போலீஸ்காரர்கள் மாசாமாசம் வந்து வாங்கிப் போனார்கள், அக்கம்பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

மத்திய அரசின் மதுவிலக்குப் பிரிவில் தொடக்கத்தில் இருந்தது நாடு முழுவதற்கும் சுமார் 1,500 பேர். அவ்வளவு நீளமான கடற்கரைக்கும் கனடா, மெக்சிகோ எல்லைகளுக்கும் சேர்த்து! சம்பளம் சொற்பம். 1927 வரை தேர்வும் கிடையாது, கட்சிக்காரரின் சிபாரிசு இருந்தால் வேலை. இவர்களிடம் ஒரு லாரி சரக்கைக் கண்டுகொள்ளாமல் விட அரை வருஷச் சம்பளத்தை நீட்டினால் என்ன நடக்கும்? நேர்மையான ஆட்களும் இருந்தார்கள். நியூயார்க்கின் இஸ்ஸி ஐன்ஸ்டைன், மோ ஸ்மித் ஜோடி வேஷம் போட்டுப் போய் 4,932 பேரைக் கைது செய்தது. 1925இல் இருவரையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சியாட்டிலில் ராய் ஓல்ம்ஸ்டெட் என்ற போலீஸ் லெப்டினன்டே கடத்தல்காரனாகி, வட்டாரத்திலேயே பெரிய முதலாளி ஆனான். சரக்கில் கலப்படம் செய்யமாட்டான், ஆட்களுக்குத் துப்பாக்கி கொடுக்கமாட்டான் என்று பேர் எடுத்தவன். அவனைப் பிடிக்க அதிகாரிகள் தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1928இல் 5க்கு 4 என்ற கணக்கில் ஒட்டுக்கேட்டது செல்லும் என்று தீர்ப்பானது. நீதிபதி பிராண்டைஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, அரசிடமிருந்து தனிமனிதனின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று வாதாடியது. 1967இல் நீதிமன்றம் கடைசியில் அவர் பக்கம் வந்து சேர்ந்தது. இன்றைக்குப் போன் ஒட்டுக்கேட்பு பற்றி நாம் பேசும் பல வாதங்களுக்கு வேர் ஒரு சாராய வழக்கில் இருக்கிறது.

அல் காப்போன் எப்படி மேலே வந்தான்?

புரூக்ளினில் பிறந்தவன். மதுவிலக்கு தொடங்கிய 1920 ஜனவரி 17 அவனுடைய 21ஆவது பிறந்தநாள். டோரியோவின் ஆளாக சிகாகோ வந்தான். 1923இல் வில்லியம் டெவர் என்ற கறாரான மேயர் வந்து நெருக்கியதும், கும்பல் பக்கத்து ஊரான சிசெரோவுக்கு நகர்ந்தது. 1924 தேர்தலில் வாக்குச்சாவடிகளில் துப்பாக்கியோடு நின்று தங்கள் ஆட்களை ஜெயிக்க வைத்தார்கள். அன்றைக்கு போலீஸ் சுட்டதில் காப்போனின் அண்ணன் பிராங்க் செத்தான், ஆனால் ஊர் அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

அதே வருஷம் நவம்பரில் வடசிகாகோ கும்பல் தலைவன் டீன் ஓபேனியன் தன் பூக்கடையிலேயே கொல்லப்பட்டான், டோரியோ போட்ட ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து டோரியோ மீது குண்டு பாய்ந்தது, பிழைத்துக்கொண்டான், போதும் சாமி என்று தொழிலைக் காப்போனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். 25, 26 வயசுப் பையன் கையில் சிகாகோவின் மது வியாபாரம்.

1929 பிப்ரவரி 14. வடக்கு கிளார்க் தெரு 2122, ஒரு கராஜ். போலீஸ் உடுப்பில் இருவர் உட்படச் சிலர் உள்ளே நுழைந்து ஏழு பேரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துச் சுட்டார்கள். குறி வைக்கப்பட்ட, வடசிகாகோ கும்பலின் அப்போதைய தலைவன் பக்ஸ் மோரன் அங்கே இல்லை. செத்தவர்களில் ஒருவர் மெக்கானிக், இன்னொருவர் கும்பலோடு பழகிய கண்கண்ணாடிக்காரர். அந்த ஆண்டு கடைசியில் மிச்சிகனில் பிரெட் பர்க் என்பவனின் வீட்டில் கிடைத்த இரண்டு டாமி துப்பாக்கிகள்தான் அங்கே சுட்டவை என்று கால்வின் காடர்ட் என்ற நிபுணர் தோட்டாக்களை ஒப்பிட்டு நிரூபித்தார். ஆனாலும் இந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அதுவரை காப்போனை ரசித்த பத்திரிகைகளும் மக்களும் இந்தப் படங்களைப் பார்த்த பிறகு மாறினார்கள். 1930இல் அவன் வேலையில்லாதவர்களுக்கு இலவசச் சூப் கடை திறந்தும் போன பெயர் திரும்பவில்லை.

காப்போனைப் பிடித்தது எலியட் நெஸ்தானே?

இல்லை. மதுவிலக்கு அதிகாரி நெஸ்ஸும் அவருடைய குழுவும் பீர் ஆலைகளை உடைத்தார்கள், வருமானத்தில் அடித்தார்கள், அது உண்மை. அவர்கள் சேர்த்த மதுவிலக்கு வழக்கு விசாரணைக்கே வரவில்லை. உள்ளே தள்ளியது வருமான வரிக் கணக்கு. 1927இல் தெற்கு கரோலினாவைச் சேர்ந்த சல்லிவன் என்ற கள்ளச்சாராய வியாபாரியின் வழக்கில், சட்டவிரோத வருமானத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை வைத்துக்கொண்டு வரித்துறையின் பிராங்க் வில்சன் வருஷக்கணக்கில் பேரேடுகளைப் புரட்டினார். ஒரு சூதாட்ட விடுதியில் முன்பு கைப்பற்றி மூலையில் போட்டிருந்த கணக்குப் புத்தகம் கிடைத்தது. விசாரணை தொடங்கும் நேரத்தில், ஜூரிகளை விலைக்கு வாங்க முயற்சி நடப்பதாகத் தெரிந்து நீதிபதி வில்கர்சன் மொத்த ஜூரிப் பட்டியலையும் வேறு நீதிமன்றத்தோடு மாற்றிக்கொண்டார். 1931 அக்டோபரில் தீர்ப்பு, 11 வருஷம் சிறை. 1939இல் சிபிலிஸ் நோய் மூளையைத் தின்ற நிலையில் வெளியே வந்தான், 1947இல் செத்தான்.

அரசே சாராயத்தில் விஷம் கலந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தக் கதையில் என்னால் சமாதானம் ஆகமுடியாத பகுதி இதுதான்.

பெயின்ட், வாசனைத் திரவியம், கரைப்பான் என்று தொழிற்சாலைகளுக்கு ஆல்கஹால் வேண்டும். வரியில்லாமல் கொடுப்பதால், யாரும் குடித்துவிடாதபடி அதில் கெட்டது கலப்பது 1906இலிருந்தே வழக்கம். மதுவிலக்கு வந்ததும் கும்பல்கள் இதைக் கொள்ளை கொள்ளையாகத் திருடி, வேதியியலாளர்களைச் சம்பளத்துக்கு வைத்து, மறுபடி வடித்துச் சுத்தம் செய்து விற்றன. பதிலுக்கு அரசு, சுத்தம் செய்யவே முடியாதபடி விஷத்தைக் கூட்டு என்று முடிவெடுத்தது. 1927 புத்தாண்டு முதல் மெத்தனால் அளவைக் கூட்டிய புதிய கலவை கட்டாயமானது. அதைத் திருடுவார்கள், விற்பார்கள், ஜனங்கள் குடிப்பார்கள் என்று தெரிந்தே.

மெத்தனால் வாசனையிலோ சுவையிலோ சாதாரணச் சாராயத்திலிருந்து பெரிதாக வித்தியாசப்படாது. குடித்தவுடன் வெறும் போதைதான். பல மணி நேரம் கழித்து, கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகு, வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல், மூச்சு முட்டல். பார்வை நரம்பு போய்விடும், உயிரும் போகலாம். 2023இல் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்கள், நமக்கு இந்த வரிசை மனப்பாடம்.

புதிய கலவை வருவதற்கு முன்பே நிலைமை மோசம்தான். 1926 கிறிஸ்துமஸ் நாட்களில் நியூயார்க் மருத்துவமனைகளில் விஷச் சாராயத்தால் முப்பது பேர் வரை இறந்தார்கள். நகரின் தலைமைப் பிணக்கூறாய்வு அதிகாரி சார்லஸ் நாரிஸ் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இந்தச் சாவுகளுக்குச் சட்டப்படி இல்லாவிட்டாலும் தார்மிகமாக அரசுதான் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரும் அவருடைய நச்சியல் நிபுணர் அலெக்சாண்டர் கெட்லரும் பிணம் பிணமாகச் சோதித்துக் கணக்கு வைத்தார்கள். சாகிறவர்கள் நல்ல சரக்கு வாங்க வசதியில்லாத ஏழைகள் என்று நாரிஸ் திரும்பத் திரும்ப எழுதினார். வேய்ன் வீலரின் பதில்? தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்கிறவன் தெரிந்தே தற்கொலை செய்துகொள்கிறான் என்பது. அதே சமயம் பணக்காரர் வீட்டில் செயின்ட் பியேர் வழியாக வந்த அசல் ஸ்காட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

1930இல் இன்னொன்று. ஜமைக்கா இஞ்சிச் சாறு என்று மருந்துக்கடையில் சின்ன பாட்டில் கிடைக்கும், ஆல்கஹால் மிக அதிகம், விலை குறைவு, தென் மாநிலங்களிலும் மத்திய மேற்கிலும் ஏழைகள் அதைத்தான் குடித்தார்கள். அரசின் சோதனையை ஏமாற்ற பாஸ்டன் வியாபாரிகள் அதில் பிளாஸ்டிக், வார்னிஷ் தொழிலில் பயன்படும் ஒரு ரசாயனத்தைக் கலந்தார்கள். அது நரம்பை அழித்தது. பல்லாயிரக்கணக்கானோர் கால் செயலிழந்து பாதத்தைத் தரையில் அடித்து அடித்து நடந்தார்கள், பலருக்கு அது கடைசி வரை சரியாகவில்லை. கலந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது ஆளுக்கு 1,000 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும்.

தண்டனை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததா?

எங்கே! மிச்சிகனின் லான்சிங் நகரில் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவர் இரண்டு பைண்ட் சாராயம் விற்றதற்கு 1928இல் ஆயுள் தண்டனை பெற்றார். நான்காவது குற்றம் என்பதால் தொடர்குற்றவாளிச் சட்டம் பாய்ந்தது. பின்னால் குறைத்தார்கள், ஆனால் தீர்ப்பு எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். இல்லினாயின் வில்லியம்சன் கவுண்டியில் 1923, 24இல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்களே மதுவிலக்கு அமலாக்கம் என்ற பெயரில் இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அவர்களை வழிநடத்தியவன் முன்னாள் மதுவிலக்கு அதிகாரி கிளென் யங்.

குடி குறைந்ததா இல்லையா?

குறைந்தது. முதல் சில வருஷங்களில் பெரிய வீழ்ச்சி, கல்லீரல் சுருக்க நோயால் சாவதும் குறைந்தது. பிறகு குடி மெல்ல ஏறினாலும் பழைய அளவைத் தொடவில்லை என்றுதான் பொருளாதார ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மதுவிலக்கால் குடி கூடியது என்று சொல்கிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் குடித்த முறை மாறியது. மறைத்துக் கடத்தவும் லாபம் பார்க்கவும் பீரைவிடக் காட்டமான சரக்கு வசதி என்பதால் அது பெருகியது.

ஜான் கென்னடியின் அப்பா கள்ளச்சாராயம் விற்றாரா?

உறுதியான ஆதாரம் கிடையாது. ஜோசப் கென்னடி 1933இல் ஸ்காட்ச் இறக்குமதி உரிமை வாங்கி, தடை நீங்கியதும் சட்டப்படி விற்றுச் சம்பாதித்தார். மற்ற கதைகள் பெரும்பாலும் பிற்காலத்தில் கிளம்பியவை.

கடைசியில் ஏன் ரத்து செய்தார்கள்?

பணம்தான் முதல் காரணம். 1929இல் பங்குச்சந்தை சரிந்து வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபின், மது வரியை விட்டுக்கொடுக்கும் வசதி அரசுக்கு இல்லை. அதே 1929இல் பாலின் சேபின் என்ற குடியரசுக் கட்சிப் பெண்மணி மதுவிலக்குக்கு எதிராகப் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். பெண்கள் என்றாலே மதுவிலக்கு ஆதரவு என்ற நினைப்பு அதோடு உடைந்தது. ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்றதும் 1933 ஏப்ரல் 7இல் 3.2 சதவீத பீர் வந்தது, டிசம்பர் 5இல் 36ஆவது மாநிலமாக யூட்டா ஒப்புதல் தர, 21ஆவது திருத்தம் 18ஆவதை ரத்து செய்தது. மிசிசிப்பி மட்டும் 1966 வரை மாநில மதுவிலக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நம்மூர் மதுவிலக்கும் இதுவும் ஒன்றா?

ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை. அமெரிக்காவில் வருமான வரி வந்த பிறகே மதுவிலக்கு சாத்தியமானது. இங்கே ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபின், இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்றைக்கு அந்த வரியும் உண்டு, டாஸ்மாக்கும் உண்டு. கும்பல் வளர்ந்த கதைக்கு பம்பாய்தான் சரியான ஒப்பீடு. 1949 மதுவிலக்குச் சட்டத்துக்குப் பிறகு தாராவி பக்கம் கள்ளச்சாராயத்தில் வளர்ந்த தாதாக்களில் தமிழரான வரதராஜன் முதலியாரும் ஒருவர்.

தடை நீங்கியதும் கும்பல்கள் என்ன ஆயின?

கலையவில்லை. 1931இல் நியூயார்க் மாஃபியா தலைவர்கள் மசேரியாவும் மரன்சானோவும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகு, லக்கி லூசியானோ நியூயார்க்கின் குடும்பங்களையும் சிகாகோவையும் சேர்த்து ஒரு தலைமைக் குழு அமைத்திருந்தான். தகராறு வந்தால் அங்கே பேசி முடிப்பார்கள். சாராயத்தில் சம்பாதித்த பணம், லாரிகள், வக்கீல்கள், வாங்கி வைத்த அதிகாரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. சூதாட்டம், வட்டி, தொழிற்சங்கங்களைக் கைப்பற்றுவது, துறைமுகம், போதைப்பொருள் என்று திருப்பிவிட்டார்கள். எஃப்பிஐ தலைவர் ஹூவர் நாடு தழுவிய மாஃபியா என்று ஒன்று இல்லவே இல்லை என்று வருஷக்கணக்காகச் சாதித்துக்கொண்டிருந்தார். 1957 நவம்பர் 14இல் நியூயார்க் மாநிலத்தின் அப்பலாச்சின் என்ற சிற்றூரில் ஒரு வீட்டு வாசலில் வெளியூர்ச் சொகுசுக் கார்கள் குவிந்திருப்பதை மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் கவனித்தார். சுற்றி வளைத்ததில் காட்டுக்குள் ஓடியவர்களையும் சேர்த்து 60க்கு மேற்பட்ட கும்பல் தலைவர்கள் சிக்கினார்கள், அவர்களில் பலர் மதுவிலக்குக் காலத்தில் தொழில் பழகியவர்கள்.